கேட்டு நடந்த பாதை

எங்கள் மூத்தோர் ஒன்றுகூடல் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும். மெல்பேர்னின் கிழக்குப் பக்கம், த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு வசதியாக ஒரு சமூக மண்டபம். பதினெட்டுப் பேர் வந்தால் ஆறு பேர் டாக்டர்மார், ஆறு பேர் எஞ்சினியர்மார், ஐந்து பேர் எக்கவுண்டன்மார். மிச்சம் நான். இத்தனை காலமும் யாராவது என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்டால், 'இங்கிலாந்தில் லோக்கல் கவர்ன்மென்ட்' என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பேன். வாயில் வடை இருப்பவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

போன மாதம் அது பலிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலை அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். டாக்டர் சிவபாதம் இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டார். அவருடைய கதையில் ஒரு நோயாளிகூடச் சாகவில்லை. கோயம்புத்தூர்க்காரரான எஞ்சினியர் ராமநாதன் ஒரு பாலம் கட்டினார். அது இன்னும் நிற்கிறதாம். அடுத்து என் முறை. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாவட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஒற்றையடிப்பாதை அதிகாரியாக இருந்தேன் என்று சொன்னேன்.

"அப்ப நீர் நடக்கிறதுக்கோ சம்பளம் எடுத்தனீர்?" என்றார் டாக்டர்.

ஓம், அப்படியும் சொல்லலாம். அன்று நான் சொன்னதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பேசும்போது விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கே என் மகளின் வீட்டுக்குப் பின்னால் ஓடையோரமாக ஒரு நடைபாதை போகிறது. நகரசபை போட்டது. தண்ணீர்க் குழாய், நாய்க்குப் பை, இளைப்பாற வாங்கு எல்லாம் உண்டு. அதில் நடக்க யாருக்கு உரிமை என்று எவரும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் கிராமங்களில் கதை வேறு. அங்கே பாதை இன்னொருவருடைய வயலுக்கு நடுவால் போகும். சிலவேளை அவருடைய குசினி யன்னலுக்கு முன்னாலேயே போகும். நிலம் அவருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. அப்படி உரிமையுள்ள பாதைகள் எல்லாம் மாவட்ட சபையின் வரைபடத்தில் கோடுகளாக இருக்கும். கோடு இருந்தால் பாதை உண்டு. கோடு இல்லாவிட்டால், தடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தாலும் வழக்குத்தான். இருக்கிற கோடுகளைக் காப்பதும், புதுக்கோடு கேட்டு வருகிறவர்களின் சாட்சியங்களை விசாரிப்பதும் என் வேலை.

யாழ்ப்பாணத்திலிருந்து நில அளவை படிக்கப் போனவன், ஆறு மாதத்துக்கென்று வரைபடம் பிரதி எடுக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே நரைத்தேன். முதல் மூன்று வருடங்களில் படித்தது முட்செடி, மின்வேலி, மாடு. காளை சாதுவானது என்று அதன் சொந்தக்காரர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னால் நம்பக் கூடாது என்பதும் அப்போது படித்ததுதான். கையில் வரைபடமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வயல் நடுவே நிற்கும் என்னைப் பார்த்து, பாவம், வழி தவறிவிட்டான் என்று எண்ணி ரயில் நிலையத்துக்கு வழி சொல்லாத விவசாயி அந்த மாவட்டத்தில் இல்லை. ஒருவர் தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் நிலைய வாசலில் இறக்கியே விட்டார். அவருடைய வேலியைப் பற்றி வந்த புகாரை விசாரிக்கத்தான் நான் போயிருந்தேன்.

என் மேலதிகாரி திரு. ஹார்கிரீவ். உயரம் அதிகம், பேச்சுக் குறைவு. அவருடைய மேசைக்குக் கீழே சேறு காய்ந்த பூட்ஸ் ஒரு சோடி எப்போதும் இருக்கும். பாதையை நடந்து பார்க்காதவனைக் கோப்பு எழுத விடமாட்டார். நான் கோப்போடு அறைக்குள் போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சப்பாத்தைப் பார்ப்பார். சேறு இல்லையென்றால் கோப்பு அப்படியே என் கைக்குத் திரும்பும். ஒரு மழைநாளில் போகப் பஞ்சிப்பட்டு, வாசல் பூந்தொட்டியிலிருந்து மண்ணெடுத்துச் சப்பாத்தில் பூசிக்கொண்டு போனேன். குனிந்து பார்த்தார். "இவ்வளவு கறுப்பான மண் நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். அவர் யாரையும் ஏசியதில்லை. பெரிய அழிவு எதையாவது கேள்விப்பட்டால் 'சுவாரசியம்' என்பார். அதைக் கேட்டால் நாங்கள் மெல்லக் கதவுப் பக்கம் நகருவோம்.

சாட்சியை விசாரிக்கும் முறையை அவர்தான் எனக்குப் பழக்கினார். எதிரே உட்காரக் கூடாது, மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும். வரைபடத்தை விரித்துப் பென்சிலை அவர்களிடம் கொடுக்க வேண்டும். கோட்டை அவர்களே கீறட்டும். கேள்வியைக் கேட்டபிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஆங்கிலேயரால் ஏழுக்கு மேல் மௌனமாக இருக்க முடியாது, எட்டில் உண்மை வரும் என்பது அவருடைய கணக்கு. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து.

இனி ஆர்ன்பி. அது ஊரின் உண்மைப் பெயர் அல்ல. இருநூறு பேர்கூட இல்லாத ஒரு சிறு பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர். மேட்டில் கல்லால் கட்டிய பழைய தேவாலயம், பள்ளத்தில் வீடுகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு பழத்தோட்டம். ஊரை நடத்த இரண்டு சபைகள் இருந்தன; ஒன்று தேவாலயத்துக்கு, மற்றது தெருவிளக்குக்கும் குப்பைக்கும். இரண்டிலும் இருந்தவர்கள் அதே ஏழு பேர். ஒரு சபை எழுதும் கடிதத்துக்கு மறுசபை மறுத்துப் பதில் எழுதும்.

பழத்தோட்டத்துக்குள்ளால் நடந்தால் தேவாலயத்துக்கு ஏழு நிமிடம். தெருவால் போனால் அரை மணித்தியாலம். ஓரத்தில் நடக்க இடமில்லை, பால் லொறிகள் உரசிக்கொண்டு போகும். தோட்டம் ரீட் என்ற விவசாயியுடையதாக இருந்தவரை எல்லாரும் உள்ளேயே நடந்தார்கள். அவர் இறந்தபின் லண்டனிலிருந்து வந்த கார்ட்டர் என்பவர் அதை வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் படலைக்குப் பூட்டும், 'தனியார் நிலம்' என்ற பலகையும் வந்தன.

ஊர் கொதித்தது. அதாவது, ஒரு கூட்டம் போட்டுத் தேநீர் குடித்தது. இளைப்பாறிய தலைமை ஆசிரியர் திரு. ஃபிப்ஸ் தலைமையில் மாவட்ட சபைக்கு விண்ணப்பம் வந்தது. சட்டம் இதுதான்: இருபது வருடம் ஊரார் ஒரு வழியால் வெளிப்படையாக, பூட்டை உடைக்காமல், யாரிடமும் அனுமதி பெறாமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. கவனியுங்கள், அனுமதி பெற்றிருக்கவே கூடாது. நல்ல பிள்ளையாகக் கேட்டு நடந்தவனுக்கு உரிமை கிடையாது; கேளாமல் நடந்தவனுக்கு உண்டு. இதை நான் சொன்னபோது எங்கள் மண்டபத்தில் ராமநாதன் சிரித்தார். ஆனால் ஆங்கிலேயர் இதைச் சிரிக்காமல் விளக்குவார்கள்.

விண்ணப்பத்தோடு நாற்பத்துமூன்று சாட்சிப் படிவங்கள் வந்தன. ஃபிப்ஸ் எல்லாரையும் மண்டபத்தில் இருத்தி, பரீட்சை எழுதுவிப்பதுபோல எழுதுவித்திருக்கிறார். 'அனுமதி கேட்டீர்களா, அல்லது பெற்றீர்களா?' என்ற கட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். சிலர் அடிக்கோடும் இட்டிருந்தார்கள். ஒரு படிவத்தில் மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. மிஸஸ் லேங்லி, வயது எண்பத்தொன்று.

சேறு படிந்த சப்பாத்தோடு நான் நீட்டிய கோப்பில் ஹார்கிரீவ் அந்த ஒரு கடதாசியைத்தான் வெளியே எடுத்தார். "இவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

மிஸஸ் லேங்லியின் வீடு பள்ளத்தில் கடைசி வீடு. மெல்லிய, நிமிர்ந்த மனுஷி. பங்கின் செய்திமடலை முப்பது வருடமாக அவர்தான் எழுதி, அச்சடித்து, வீடுவீடாகப் போட்டு வந்தார். நாலு பக்கம், மாதம் ஒன்று. தேநீர் ஊற்றினார். வரைபடத்தில் தன் கையால் கோடு கீறினார். அவ்வளவு நேரான கோட்டை நான் வேறெந்தச் சாட்சியிடமும் கண்டதில்லை. எந்த மரத்தடியில் பாதை வளையும், எந்த மாதம் குளவி இருக்கும் என்பதெல்லாம் சொன்னார். நான் எழுதினேன். பிறகு அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டி, அனுமதி எதுவும் கேட்டதுண்டா என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

ஆறில் எழுந்து உள்ளே போனார். ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். பெட்டி நிறைய செய்திமடல்கள். வருடத்துக்கு ஒன்றாக, செப்டெம்பர் இதழ்களைத் தனியே எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தின் அடியில், பூ வைப்பவர்களின் முறைப்பட்டியலுக்கும் தேநீர் விருந்து அறிவிப்புக்கும் நடுவே, ஒரே வரி இருந்தது: 'பழத்தோட்டத்தின் வழியே இன்னும் ஒரு வருடம் நாம் நடந்துபோக அன்போடு அனுமதித்த திரு. ரீட் அவர்களுக்கு நன்றி.' இருபத்தாறு செப்டெம்பர்கள்.

அறுவடைப் பூசை முடிந்ததும் ஒரு போத்தல் பிளம்ஸ் ஜாமோடு ரீட்டின் வீட்டுக்குப் போவாராம். ஊருக்காகக் கேட்பாராம். அவர் ஜாமை வாங்கிக்கொண்டு, சரி, எல்லாருக்கும் சொல்லுங்கள் என்பாராம். யாரும் மிஸஸ் லேங்லியைக் கேட்கச் சொல்லவில்லை. இன்னொருவர் காணியால் நடக்கிறோமே, கேட்பதுதானே மரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வழக்கு முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. அவருக்கும் விளங்கித்தான் இருந்தது.

"இதை நீங்கள் காட்டாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது" என்றேன்.

"எனக்குத் தெரிந்திருக்குமே" என்றார்.

மண்டபத்தில் கதை இந்த இடத்துக்கு வந்ததும் வடைத் தட்டு நின்றுவிட்டது.

"சார், பேசாம டீயக் குடிச்சுட்டு வந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் ராமநாதன்.

"அந்தக் கிழவி பெட்டியை நீட்டினால் வாங்கத்தான் வேணுமோ?" என்று டாக்டரும் அவர் பக்கம் சேர்ந்தார். பாதி மண்டபம் அவர்களோடு நின்றது.

நானும் அன்று அதைத்தான் யோசித்தேன். அந்தப் பாதை ஊருக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. பால் லொறிகளுக்கு நடுவே அவர் ஊன்றுகோலோடு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். பிஸ்கற்றை முடித்துவிட்டு, பெட்டியை உள்ளே வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எண்பத்தொரு வயதில் ஒருவர் தன் ஊர் முழுவதற்கும் எதிராக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். அதைக் காணாததுபோல எழும்பிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்கினேன். காரில் பக்கத்து ஆசனத்தில் வைத்து, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன்.

ஹார்கிரீவ் பின்னேரம் முழுவதும் இருந்து இருபத்தாறையும் வாசித்தார். நாங்கள் பயந்த அந்த ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு யன்னலைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். சட்டத்தில் ஒரு சிறிய இடுக்கு இருந்தது. அனுமதி கொடுத்தது மட்டும் போதாது, அது நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரார் செய்திமடலை வாசிக்காதவர்களாக இருந்தால் பாதை தப்பக்கூடும். இதைச் சாட்சிகளிடம் கேட்க வேண்டும். ஆனால் பதிலைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டினேன். வட்டமாகக் கதிரைகள். பாதிரியார் வந்திருந்தார். எனக்கு நேர் எதிரே, கையை மடியில் வைத்தபடி, மிஸஸ் லேங்லி. கேள்வி இதுதான் என்று சொன்னேன்: கடந்த வருடங்களில் நீங்கள் பங்கின் செய்திமடலை வாசித்தீர்களா? உண்மையைச் சொல்வது முக்கியம், வாசிக்கவில்லை என்றால் அதுவும் வழக்குக்கு மிகவும் முக்கியமான தகவல் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஃபிப்ஸ் மூளையுள்ளவர். அவருக்கு எல்லாம் விளங்கியது என்பது அவருடைய காது சிவந்ததில் தெரிந்தது. அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். மிஸஸ் லேங்லியைப் பார்த்தார்.

"ஒவ்வொரு இதழும்," என்றார், "முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை."

அதற்குப் பிறகு மற்றவர்களால் வேறென்ன சொல்ல முடியும்? ஒருவர் தவறாமல் வாசித்திருந்தார்கள். ஒருவர் குளியலறையில்கூட வாசிப்பேன் என்றார். நாற்பத்திரண்டு பேரும் தங்கள் பாதையைக் கைவிட்டார்கள். ஒரு மனுஷியின் முகத்துக்கு நேரே, நீங்கள் முப்பது வருடம் எழுதியதை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. நான் ஒவ்வொன்றாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். என் உத்தியோகத்தில் அத்தனை பொய்யை ஒரே நாளில் நான் பதிவு செய்ததில்லை. அவற்றில் ஒன்றையாவது குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. தீர்மானக் கடிதத்தை அஞ்சலில் அனுப்பாமல் நானே மிஸஸ் லேங்லியிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "ஒரு மார்ச் மாதம் தவறுதலாகப் பெப்ரவரி இதழையே திரும்பவும் அச்சடித்து எல்லா வீட்டிலும் போட்டுவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை" என்றார். சிரித்தாரா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஊர் அவரை ஏசவில்லை. ஆனால் தேவாலயத்தில் பூ வைக்கும் முறைப்பட்டியலில் அவருடைய பெயர் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை வரவில்லை. ஆங்கிலேயருக்கு அது கல்லெறிவதற்குச் சமம்.

கார்ட்டர் வெற்றியில் பெருந்தன்மை காட்ட நினைத்தார். பூட்டைக் கழற்றிவிட்டுப் பலகையை மாற்றினார்: 'நடக்க விரும்புகிறவர்கள் வீட்டில் வந்து கேட்கவும்.' ஒருவரும் கேட்கவில்லை. மூதாதையர் கேளாமல் நடந்த வழிக்கு லண்டன்காரனிடம் போய்க் கேட்பதா? ஃபிப்ஸ் மழையிலும் குடை பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் தெருவால் நடந்தார். மற்றவர்கள் ஏழு நிமிடத்தில் நடந்த இடத்துக்குக் கார் எடுத்தார்கள். செப்டெம்பரில் மிஸஸ் லேங்லி மட்டும் ஜாம் போத்தலோடு கார்ட்டரின் கதவைத் தட்டினார். மூன்று வருடம், ஞாயிறுதோறும், அந்தத் தோட்டத்துக்குள்ளால் அவர் ஒருவரே நடந்தார். ஊருக்குப் பாதை இல்லாமல் போனது அவரால். பாதை இருந்தது அவருக்கு மட்டும்.

பிறகு அவருக்கு இடுப்பு முறிந்தது. பட்டணத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார்.

அடுத்த ஒக்டோபரில் கார்ட்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல கோட்டுப் போட்ட, தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் மனிதர். என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"இந்த வருடம் யாரும் கேட்க வரவில்லை" என்றார்.

புதிதாக வந்த ஊரில் தன் கதவை வருடத்தில் ஒருமுறை தட்டிய ஒரே ஆள் மிஸஸ் லேங்லிதான் என்பதை, வேலி, புல், மழை என்று சுற்றிச் சுற்றி ஒருவாறு சொல்லி முடித்தார். அவர் நடந்த இடத்தில் புல் மூடிவிட்டதாம். ஒரு பாதையை ஊருக்கே கொடுத்துவிடுவதென்றால் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். யாரும் தன்னிடம் கேட்க வேண்டியிராதபடி.

அதற்கு ஒரு படிவம் உண்டு. முப்பத்தொரு வருடத்தில் நான் அதை மூன்று முறைதான் எடுத்திருக்கிறேன். பாதையைத் தடுக்கும் படிவங்கள் மேசையின் மேல் லாச்சியில், இது ஆகக் கீழே. ஹார்கிரீவ் தானே குனிந்து எடுத்து, தூசு தட்டி, தன்னுடைய பேனாவைக் கொடுத்தார். கார்ட்டர் கையெழுத்திட்டபோது இருவரும் ஏனோ எழுந்து நின்றோம்.

பாதை தொடங்கும் இடத்தில் 'பொதுப்பாதை' என்று எழுதிய கம்பத்தை நட்டது என் ஆட்கள்தான். அன்று மாலை முதியோர் இல்லத்துக்குப் போய் மிஸஸ் லேங்லியிடம் சொன்னேன். கார்ட்டர் நல்ல மனிதர், கூச்சம் அதிகம், ஜாமை வாங்கும்போது ஒவ்வொரு முறையும் சிவப்பார் என்றார். அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

ஆறு வாரம் கழித்து ஃபிப்ஸிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம். நன்றிக் கடிதம் என்று நினைத்து ஆசையோடு பிரித்தேன். புதிய பொதுப்பாதை நடக்க முடியாத அளவுக்குச் சேறாகிவிட்டது, மாவட்ட சபை தன் கடமையைச் செய்யவில்லை, உடனே வந்து பார்வையிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். புகார் பொய்யல்ல, கணுக்கால்வரை சேறு. அதில் பெரிய சப்பாத்துத் தடங்கள், சின்னத் தடங்கள், நாய்க் கால்கள், குழந்தை வண்டியின் சில்லுகள், ஊன்றுகோல் குத்திய வட்டங்கள். வைக்க இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக மேடுவரை போயிருந்தன. நான் படலையருகே சற்று நேரம் நின்றேன். பிறகு பார்வையிடும் படிவத்தை எடுத்து, இரண்டு லொறிக் கல்லுக்கு உத்தரவு எழுதி, மேலே காரணம் கேட்ட கட்டத்தில் இப்படி நிரப்பினேன்: 'புகார் சரி. ஆட்கள் நடக்கிறார்கள்.'